பதினோரு ஜோடி ஷூவும் நான் எழுதிய ஒரு மெயிலும்

கம்ப்யூட்டர் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். முப்பது வருடம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கண்ணைக் கெடுத்துக்கொண்டவன் நான். சாதனை என்று சொல்லிக்கொள்ள நாலைந்து இருக்கும். அவற்றையெல்லாம் பணி ஓய்வு விழாவில் மற்றவர்களே சொல்லி, மாலை போட்டு, ஒரு சுவர்க் கடிகாரத்தையும் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்த மேடையில் யாரும் சொல்லாத ஒன்றை இங்கே எழுதுகிறேன். அவர்களுக்குத் தெரியாது, அதனால் சொல்லவில்லை. முழுதும் தெரிந்தவன் நான் ஒருவன்தான். நானும் மாலையைச் சரிசெய்துகொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

புரோகிராம் எழுதுவது எப்படி என்று உங்களுக்கு நான் சொல்லப் போவதில்லை. நான் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதியதை நீங்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிடுகிறீர்கள். ஆனால் புரோகிராம் காட்டுவதைப் பார்த்து ஒரு மனிதரைப் பற்றி முடிவு எடுக்க வேண்டிய நாள் உங்களுக்கும் வரும். எனக்கு வந்தது. நான் எடுத்த முடிவை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நான் குடியாத்தத்துக்காரன். வீட்டில் தறி. தறியில் உட்கார எனக்குப் பொறுமை போதாது என்று அப்பாவே முடிவு கட்டி, வேலூருக்குப் படிக்க அனுப்பினார். தொண்ணூறுகளின் நடுவில் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் கம்ப்யூட்டர் செக்‌ஷனில் சேர்ந்தேன். செக்‌ஷன் என்றால் ஒரு ஏசி அறை, இரண்டு கம்ப்யூட்டர், செருப்பை வெளியே கழற்றிவிட்டு வரவும் என்று ஒரு போர்டு. ஷூ செய்கிற கம்பெனியில் வெறுங்காலோடு வேலை பார்த்த ஒரே ஆள் நான்தான் என்று கட்டிங் செக்‌ஷனில் கிண்டல் செய்வார்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு முதலாளிக்கு ஓர் ஆசை வந்தது. வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு அவர்கள் பெயரைப் போட்டு ஷூ தைத்துக் கொடுத்தது போதும், நம் பெயரிலேயே இணையத்தில் விற்கலாம் என்றார். சைட்டை நான்தான் கட்டினேன். நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவர்களுக்கான மெத்தென்ற தோல் ஷூ. சரக்கு அருமையான சரக்கு. ஆனால் ஆம்பூரில் இப்படி ஒரு சைட் இருப்பது வெளிநாட்டில் இருக்கிறவனுக்கு எப்படித் தெரியும்? அதற்குத்தான் அஃபிலியேட் ஏற்பாடு. தங்கள் பக்கத்தில் நம் கடைக்கு இணைப்பு வைக்கிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு எண் கொடுப்போம். அந்த இணைப்பைத் தட்டி வருகிறவரின் கம்ப்யூட்டரில் அந்த எண்ணை ஒரு துண்டுச் சீட்டு மாதிரி ஒட்டிவிடுவேன். அவர் பணம் கட்டி முடித்து, நன்றி சொல்லும் பக்கம் வரும்போது சீட்டைப் படித்து, இந்த விற்பனை இன்னாரால் வந்தது என்று குறித்துக்கொள்வேன்; அதற்கான கமிஷன் அவருக்குப் போகும். எழுதி முடித்து முதல் விற்பனை சரியாகப் பதிவான அன்றைக்கு எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

விற்பனையோடு இன்னும் சிலவற்றையும் பதிந்தேன். எந்த இணைய முகவரியிலிருந்து ஆர்டர் வந்தது, எத்தனை மணிக்கு வந்தது, எந்தக் கார்டு என்றெல்லாம். அதற்கு ஒரு காரணம் இருந்தது. ஆரம்பத்திலேயே யாரோ திருட்டுக் கார்டில் ஆறு ஜோடி வாங்கிவிட்டான். ஷூ கப்பல் ஏறிப் போன பிறகு பேங்க் பணத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. மேனேஜருக்கு முதலாளியிடம் செம டோஸ். அவர் அதை அப்படியே என்னிடம் இறக்கிவைத்தார். "இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா பேஜாராயிடும் சேகர், சைட்ட இழுத்து மூடிட்டுப் போயிடுவாங்க" என்றார். அதிலிருந்து எந்த ஆர்டரைப் பார்த்தாலும் எனக்குத் திருடன் முகம்தான் தெரிந்தது.

எங்கள் அஃபிலியேட்டுகளில் ரூபி சிஸ்டர் என்று ஒருவர். வேலூரில் நர்ஸாக இருந்தவர். வார்டில் ஒரு நோயாளியைத் தூக்கும்போது முதுகு பிடித்துக்கொண்டதால் நின்று செய்கிற வேலையை விட்டுவிட்டார். வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டுக்குப் போகிற நர்ஸுகளுக்காக ஒரு சின்னப் பக்கம் நடத்தினார். என்ன பரீட்சை எழுத வேண்டும், பெட்டியில் என்ன எடுத்துப் போக வேண்டும், கால் வீங்காமல் இருக்க என்ன ஷூ போட வேண்டும் என்று எழுதுவார். ஒருமுறை சென்டிமீட்டரில் சைஸ் பட்டியல் வேண்டும் என்று மெயிலில் கேட்டார். அனுப்பிவைத்தேன். எதற்குக் கேட்கிறார் என்று யோசிக்கவில்லை. நேரில் பார்த்ததும் கிடையாது.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வந்து பட்டியலைத் திறந்தால், முந்தைய நாள் சாயங்காலம் ஒன்றரை மணி நேரத்துக்குள் பதினோரு ஆர்டர் விழுந்திருந்தது. பதினொன்றும் வளைகுடா நாடு ஒன்றிலிருந்து. பதினொன்றும் ஒரே இணைய முகவரி. ஒரே கார்டு. அனுப்ப வேண்டிய விலாசமும் ஒன்றே. பதினொன்றிலும் ரூபி சிஸ்டரின் எண். எனக்கு உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. பயத்தினால் என்று சொல்ல ஆசைதான். ஆனால் அது சந்தோஷம். ஒரு திருட்டைக் கண்டுபிடித்துவிட்டேன் என்ற சந்தோஷம்.

பட்டியலைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்கு ஓடினேன். நாலு மணிக்குக் கூரியர் வண்டி வந்து சரக்கை எடுத்துப் போய்விடும். அதற்குள் அனுப்புவதா நிறுத்துவதா என்று முடிவு செய்ய வேண்டும். மேனேஜர் பட்டியலை இரண்டு தடவை படித்தார்.

"யாருப்பா இந்த அம்மா?"

"வேலூர் சார். நர்ஸா இருந்தவங்க. திருட்டுக் கார்டு ஒண்ணு கெடச்சிருக்கும். அவங்க லிங்க்லயே ஆர்டர் போட்டா கமிஷனும் வரும், ஷூவும் வரும்."

"வேலூர்னா இதோ இருக்குதே. ஒரு போன் போட்டுக் கேக்கலாமா?"

இந்த இடத்தைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். மேனேஜர் நல்ல யோசனை சொன்னார். ரூபி சிஸ்டரின் நம்பர் எங்கள் பதிவிலேயே இருந்தது. இரண்டு நிமிடம் பேசியிருந்தால் போதும். நான் சொன்னது இது: "வேணாம் சார். கேட்டா உஷாராயிடுவாங்க."

"கன்பர்மா சொல்றியா?"

"கன்பர்ம் சார்."

அவர் நிறுத்தச் சொன்னார். எனக்குத் தெரியாது என்று சொல்ல என்னால் முடியவில்லை. கம்ப்யூட்டர்க்காரனிடம் கேள்வி கேட்டால் உடனே பதில் வரும் என்று எல்லோரும் நினைத்திருந்த காலம். நானும் என்னைப் பற்றி அப்படித்தான் நினைத்திருந்தேன்.

மத்தியானம், சரக்கு அனுப்புகிற டிஸ்பேட்ச் செக்‌ஷனுக்குப் போனேன். அங்கே ஜலீல் பாய் சூப்பர்வைசர். அப்போதுதான் மசூதிக்குப் போய்த் தொழுதுவிட்டு வந்து, தொப்பியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். பதினோரு பெட்டியும் ஒட்டி முடித்து வரிசையாகத் தயாராக இருந்தன. இதெல்லாம் போகக் கூடாது, ஃபிராடு ஆர்டர் என்றேன்.

"இன்னாப்பா சொல்றே?" என்று பெட்டிகளைப் பார்த்தார். "முப்பத்தஞ்சுலேர்ந்து நாப்பத்தொண்ணு வரைக்கும் எல்லா சைஸும் கீது. ஒண்ணு அகலக் கால். திருடன் இத்தினி சைஸ் பாத்தா எடுப்பான்? அவன் ஜாஸ்தி போற சைஸா பாத்து ஒரே மாதிரி வாரிக்கினு போவான். இது பொம்பளைங்க காலு தம்பி. ஒவ்வொண்ணும் வேற வேற காலு."

"பாய், இது கம்ப்யூட்டர் விஷயம். உங்களுக்குப் புரியாது. நீங்க பொட்டிய எடுத்துத் தனியா வைங்க, போதும்."

என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவரிடம் அப்படிச் சொன்னேன்.  அவர் பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சுவர் ஓரமாக அடுக்கினார். நான் பார்த்த அதே பட்டியலில், கார்டு எண்ணுக்கு அடுத்த கட்டத்திலேயே சைஸும் இருந்தது. அந்தக் கட்டத்தைப் போட்டவனே நான்தான். பத்து வருடம் ஷூ கம்பெனியில் சம்பளம் வாங்கியவன், ஷூ சைஸைப் பார்க்கவில்லை.

அதோடு நிறுத்தியிருந்தால்கூட விஷயம் இவ்வளவு பெரிதாகியிருக்காது. ஆர்டரை நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று ஒரு வரி மெயில் போடத்தான் மேனேஜர் சொன்னார். ஒரு வரி எழுத எனக்கு மனம் வரவில்லை. இங்கிலீஷில் ஒரு பாரா எழுதினேன். இந்த ஆர்டர்கள் இன்ன பெயருடைய அஃபிலியேட் மூலம் மோசடியாகப் போடப்பட்டவை என்று உறுதி செய்யப்பட்டுள்ளது, எனவே ரத்து செய்யப்படுகின்றன என்று. இன்ன பெயர் என்ற இடத்தில் ரூபி சிஸ்டரின் முழுப் பெயர். உறுதி செய்யப்பட்டுள்ளது என்று எழுதினேனே, யார் உறுதி செய்தது? எழுதிய பாராவை இரண்டு தடவை படித்து ரசித்தேன். பிறகு பதினோரு பேருக்கும் அனுப்பி, பன்னிரண்டாவதாக ரூபி சிஸ்டருக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். அன்றைக்கு ரயிலில் ஊருக்குப் போகும்போது கூட வருகிற ஆட்களிடம் பெருமையாக இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டு போனேன்.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணி இருக்கும். வாட்ச்மேன் ஒரு பெண்மணியைக் கூட்டிக்கொண்டு வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். வெளிர் நீலப் புடவை, கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். வேலூரிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறார் என்பது ஒரு கையை இடுப்பில் ஊன்றியிருந்ததிலேயே தெரிந்தது. போர்டைப் படித்துவிட்டுச் செருப்பைக் கழற்றக் குனிந்தார். குனிய முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"இங்க சேகர்ங்கறது யாரு சார்?"

"நான்தான்."

"நான் ரூபி."

உட்காரச் சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை. அவரே நாற்காலியை இழுத்து மெதுவாக உட்கார்ந்தார். ஃபைலைத் திறந்து ஒரு தாளை எடுத்து என் கீபோர்டின் மேல் வைத்தார். காலண்டர் தாளின் பின்பக்கம். அதில் பால்பாயிண்ட் பேனாவால் ஒரு பாதத்தைச் சுற்றி வரைந்திருந்தது. குதிகாலிலிருந்து கட்டை விரல் வரைக்கும் ஒரு கோடு, பக்கத்தில் சென்டிமீட்டர், கீழே ஒரு பெயர். அதன் மேல் இன்னொரு தாளை வைத்தார். அது ஆஸ்பத்திரி சார்ட்டின் பின்பக்கம். அப்புறம் இன்னொன்று.

"இது ஜெனிட்டா. இவளுக்கு எடது கால் கொஞ்சம் பெரிசு, அதனால பெரிய காலுக்கு சைஸ் எழுதினேன். இது சுகன்யா, கட்டை விரல் பக்கத்துல எலும்பு துருத்திக்கிட்டு இருக்கும், அதான் அகலமா இருக்கறது கேட்டேன். இவ போன மாசம்தான் போனா. லீவுல வந்த ஒரு பொண்ணுகிட்ட எல்லாரும் காலை வரைஞ்சு குடுத்து அனுப்பினாங்க. நீங்க அனுப்பின பட்டியலை வச்சுத்தான் ஒவ்வொருத்திக்கும் பாத்து எழுதினேன் சார்."

பதினோரு தாள். பதினோரு கால். என் கீபோர்டு தெரியவில்லை.

"ஒரே கம்ப்யூட்டர், ஒரே கார்டுன்னு..." என்று இழுத்தேன்.

"ஹாஸ்டல்ல இருக்கறதே ஒரு கம்ப்யூட்டர் சார். மறுநாள் லீவு, எல்லாரும் வரிசையா உக்காந்து போட்டிருக்காங்க. கார்டு லில்லியோடது. அவ சீனியர், அவகிட்ட மட்டும்தான் கார்டு இருக்கு. மத்தவங்க காசை அவ கையில குடுத்துடுவாங்க. எப்பவும் அப்படித்தான்."

எப்பவும் அப்படித்தான் என்று அவர் சொன்னதும் எனக்குச் சுரீர் என்று உறைத்தது. எங்கள் தெருவில் ஒருவர் சென்னைக்குப் போனால் பத்து வீட்டுச் சாமானையும் அவர்தான் வாங்கி வருவார். எந்தக் கடைக்காரனும் அவரைப் பிடித்துப் போலீஸில் கொடுத்ததில்லை. அதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. எங்கள் கம்பெனியில் நாற்பது பேர் இணையம் பார்த்தோம். நாற்பது பேரும் ஒரே இணைப்பில், ஒரே முகவரியில்தான் வெளியே போனோம். அந்த ஏற்பாட்டைச் செய்தவன் நான். ஒரு முகவரிக்குப் பின்னால் ஒரு கூட்டமே இருக்கும் என்பது அந்தக் கட்டடத்திலேயே எனக்குத்தான் நன்றாகத் தெரியும். பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. அன்றைக்கு அது என் ஞாபகத்துக்கு வரவேயில்லை. திருடியைப் பிடிக்கிற அவசரத்தில் இருந்தேன்.

"சனிக்கிழமை லில்லி போன் பண்ணா" என்றார் ரூபி சிஸ்டர்.  "'சிஸ்டர், உங்க லிங்க்ல போட்ட என் கார்டு நம்பரை என்ன பண்ணீங்க, நெஜத்தைச் சொல்லுங்க'ன்னு கேக்கறா. எட்டு வருஷம் எங்கூட ஒரே வார்டுல டூட்டி பாத்தவ சார். நான் சொன்னதை நம்பல. கம்பெனி சும்மா எழுதுமாங்கறா. மத்தவங்க போனே எடுக்க மாட்டேங்கறாங்க."

அப்போது நான் வாய் திறந்து, நான்தான் எழுதினேன் சிஸ்டர், விசாரிக்காமல் எழுதிவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். எவ்வளவு சின்ன வாக்கியம். 

"அது வந்து சிஸ்டர், சிஸ்டம் ஆட்டோமேட்டிக்கா அப்படிப் போட்டுடுச்சு" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். "மெயிலும் அதுவே எழுதிடுமா?"

"ஆமா சிஸ்டர்."

 அவர் நெஞ்சில் கை வைத்துப் பெருமூச்சு விட்டார். முகம் தெளிந்துவிட்டது. "அப்போ பரவால்ல சார். மெஷின்தானே. மனுஷங்க யாரும் என்னை அப்படி நெனைக்கலல்ல?"

என் வேலையில் நான் சொன்ன பொய்கள் பல உண்டு. நாளைக்கு முடிந்துவிடும், இங்கே சரியாகத்தான் ஓடுகிறது என்பது மாதிரி. நீங்களும் சொல்வீர்கள். ஆனால் இந்தப் பொய்யைக் கேட்டு ஒருவர் எனக்கு நன்றி சொல்லும் அளவுக்கு நிம்மதி அடைந்தாரே, அதை என்னால் தாங்க முடியவில்லை. கூனிக் குறுகிப் போய் உட்கார்ந்திருந்தேன்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "அந்தப் பதினோரு பேருக்கும் இன்னொரு மெயில் போடுங்க சார். ரூபி தப்பு எதுவும் பண்ணலன்னு. என் பேரைப் போட்டே எழுதுங்க. போன தடவை பேரைப் போட்டுத்தானே வந்துச்சு."

"கண்டிப்பா போடறேன் சிஸ்டர்."

போகிற வழியில் டிஸ்பேட்ச்சுக்குக் கூட்டிப் போனேன். ஜலீல் பாய் பெட்டிகளை இறக்கி ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். ரூபி சிஸ்டர் தாள்களை எடுத்து, பாதத்தின் மேல் ஷூவை வைத்து வைத்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. பாய் அவருக்கு டீ வரவழைத்தார். என்னை ஒருதரம் பார்த்தார்.  திட்டியிருந்தால் தேவலை.

ஷூ அன்றைக்கே கூரியரில் போய்விட்டது. அடுத்து மெயில். மேனேஜரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அந்தம்மா பேரைப் போட்டா எழுதினே? நான் அப்படியா சொன்னேன்?"

"தப்புதான் சார். இப்ப அவங்க பேரைப் போட்டே இன்னொண்ணு கேக்கறாங்க. எழுதிடட்டுமா?"

"வேணாம்ப்பா. தப்பு எங்களுதுன்னு எழுத்துல குடுத்துட்டா, நாளைக்கு அவங்க கேஸ் போட்டா அதுவே சாட்சி. டெக்னிக்கல் எரர், ஆர்டர் அனுப்பியாச்சு, அவ்வளவுதான். பேரெல்லாம் வேணாம்."

நான் வாதாடவில்லை. உண்மையைச் சொல்வதென்றால், அவர் வேண்டாம் என்றதும் எனக்கு உள்ளுக்குள் ஆறுதலாக இருந்தது. சிஸ்டம் செய்தது என்று ஒரு பொய் சொல்லியிருந்தேன் அல்லவா, ரூபி சிஸ்டரிடம் மன்னிப்புக் கேட்டு விவரமாக எழுதினால் அந்தப் பொய் நிற்காது. மேல் அதிகாரி தடுத்துவிட்டார் என்று என் மனசாட்சிக்குச் சொல்ல ஒரு சாக்குக் கிடைத்தது. தொழில்நுட்பக் கோளாறு காரணமாக உங்கள் ஆர்டர் தாமதமானது, வருந்துகிறோம் என்று இரண்டு வரி அனுப்பினேன். அதில் ரூபி என்ற பெயர் இல்லை. படித்த அந்தப் பெண்கள் என்ன நினைத்திருப்பார்கள்? ஷூ வந்துவிட்டது, சரி. ரூபி சிஸ்டர் கார்டு நம்பரை எடுத்தாரா இல்லையா என்பதற்கு அதில் பதில் இல்லை. முதல் மெயிலில் உறுதி செய்த கம்பெனி இரண்டாவது மெயிலில் அதை மறுக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து ரூபி சிஸ்டரிடமிருந்து மெயில் வந்தது. "சார், அந்த மெயில் எப்போது போகும்?" நான் பதில் எழுதவில்லை. இன்னொரு பத்து நாளில் மறுபடியும் ஒன்று. "சார், லில்லி இன்னும் என்னிடம் பேசுவதில்லை. பேரைப் போட்டு ஒரே ஒரு வரி போதும்." அதற்கும் நான் பதில் எழுதவில்லை. நாளைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம் என்று தள்ளிப் போட்டேன். அந்த மெயிலின் தலைப்பைப் பார்க்காமல் இருக்க அதை வேறொரு ஃபோல்டருக்கு மாற்றினேன். மூன்றாவது மெயில் வரவில்லை.

இதிலிருந்து நீங்கள் என்ன எடுத்துக்கொள்ள வேண்டும் என்று வரிசை போட்டுச் சொல்லத் தெரியவில்லை. எல்லாக் கட்டத்தையும் பாருங்கள் என்று சொல்லலாம். சந்தேகம் வந்தால் முதலில் போனை எடுங்கள் என்று சொல்லலாம். உங்கள் வேலையைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று நீங்கள் நினைக்கிற ஆள் ஏதாவது சொன்னால் இரண்டு நிமிடம் நின்று கேளுங்கள் என்றும் சொல்லலாம். எல்லாம் சரிதான். ஆனால் முதல் தவறு செய்தபோது எனக்கு அவசரம், பயம், கர்வம் என்று ஏதோ ஒன்று இருந்தது. அதற்குப் பிறகு செய்ததற்கெல்லாம் என்ன காரணம்? கூரியர் வண்டியா வாசலில் நின்றது? எனக்கு நிறைய நேரம் இருந்தது. வாரக் கணக்கில் இருந்தது.

நாலைந்து மாதம் ஆகியிருக்கும். மாதாந்திர அறிக்கைக்காகக் கணக்குப் பார்த்தபோது ரூபி சிஸ்டரின் எண்ணுக்கு நேராக ஒரு விற்பனைகூட இல்லை. பக்கத்தை மூடிவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஆனால் எந்த எண்ணும் இல்லாமல் நேராக வந்த ஆர்டர்கள் திடீரென்று கூடியிருந்தன. வளைகுடாவிலிருந்து, அயர்லாந்திலிருந்து. எல்லாம் பெண்கள் சைஸ், எல்லாம் நின்று வேலை செய்கிறவர்களுக்கான அந்த ஷூ. சந்தேகம் வந்து சர்வர் பதிவுகளைப் புரட்டினேன். அத்தனை பேரும் ரூபி சிஸ்டரின் பக்கத்திலிருந்துதான் வந்திருந்தார்கள்.

அவருடைய பக்கத்தைத் திறந்தேன். இணைப்பு அங்கேயே இருந்தது. அதிலிருந்து தன்னுடைய எண்ணை மட்டும் எடுத்துவிட்டிருந்தார். பக்கத்தில் எழுதியிருந்தார்: "இந்த ஷூ நல்ல ஷூ. முதுகுவலி உள்ளவர்கள் கட்டாயம் போடுங்கள். சைஸ் சந்தேகம் என்றால் காலைத் தாளில் வரைந்து அனுப்புங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன். இதில் எனக்கு எந்தக் கமிஷனும் கிடையாது. யார் வேண்டுமானாலும் அந்தக் கம்பெனியிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்."

யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான்தான் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

மறுநாள் கூட்டத்தில் அறிக்கையைத் திரையில் போட்டேன். முதலாளியும் வந்திருந்தார். எண் இல்லாத விற்பனைக்கு நான் வைத்திருந்த தலைப்பு 'தாமாக வந்தவர்கள்'. அந்தக் கோடுதான் எல்லாவற்றையும்விட உயரமாக இருந்தது. முதலாளி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"யாரும் சொல்லாமலே தேடிக்கினு வர்றாங்களா?" என்றார். "சபாஷ். எல்லாம் நம்ம சைட்டப் பாத்துத்தான். இன்னாப்பா சேகர், அப்படித்தானே?"

ஜலீல் பாய் எதிரில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேனேஜர் என் முதுகில் தட்டினார்.

"ஆமா சார்" என்றேன்.